பன்னீர் திராட்சை ரசம் புளிக்காமல் பாட்டிலில் அடைக்க: முழுமையான வழிகாட்டி

ஒயின் செய்முறை தேடி வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திராட்சையைப் புளிக்கவைத்து வீட்டில் ஒயின் எடுப்பது, கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு ஜாடி என்றாலும், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத வேலை. இங்கே சொல்லப்போவது புளிக்காத திராட்சை ரசம். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் திருவிருந்துக்குப் பயன்படுவது, வீட்டில் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், முறையாக அடைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். கத்தோலிக்கத் திருப்பலிக்கு இது ஆகாது. அங்கே புளித்த இயற்கையான திராட்சை இரசம்தான் வேண்டும்.

சிவப்பு ஒயினுக்கும் இதற்கும் பழம் ஒன்றுதான், நசுக்குவதும் ஒன்றுதான், நிறம் தோலில் இருப்பதும் ஒன்றுதான். ஒயின்காரர் ஈஸ்டை வேலை செய்யவிட்டுக் காத்திருக்கிறார். நாம் அது வேலையைத் தொடங்கும் முன்பே முந்திக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுக்க அந்த முந்தலுக்காகத்தான். புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கைப்பக்குவத்தில் இல்லை, வரிசையை மாற்றுவதில்தான்.

அளவு: 10 கிலோ பழம். வீட்டுத் துணியில் பிழிந்தால் 5 முதல் 6 லிட்டர் ரசம் கிடைக்கும்.

1. முதல் நாளே எடுத்து வைக்க வேண்டியவை

பழம் வீட்டுக்கு வந்தபிறகு பாத்திரம் தேடக்கூடாது. மதுரை வெயிலில் நசுக்கிய திராட்சை மதியத்துக்குள் நுரை கட்ட ஆரம்பித்துவிடும்.

எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டு, ஒன்று பெரிய அண்டா. அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு எதுவும் வேண்டாம். திராட்சையின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். இரும்பு பட்டால் ரசம் கறுத்து, மைக்குழம்பு போலாகிவிடும். ஈயம் பூசிய பாத்திரம் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், பூச்சு எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

வெப்பமானி ஒன்று, 100 டிகிரிக்கு மேல் காட்டுவது. இதை மட்டும் தவிர்க்க முடியாது. விரலை விட்டுப் பார்த்து 60 டிகிரிக்கும் 75 டிகிரிக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் ஆகாது. இந்த வேலையே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கெட்டியான வெள்ளைத் துணி, பழைய வேட்டியானால் மிக நல்லது. சோப்பு வாசம் போகக் கொதிநீரில் அலசி உலர்த்தி வையுங்கள். மரக்கரண்டி, சாறு இறக்க உணவுக்கு உகந்த மெல்லிய டியூப், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாளைக்குக் காலி இடம்.

பாட்டில்: 200 மில்லி கண்ணாடி பாட்டில்கள், அதற்குக் கிரௌன் மூடி (குளிர்பானக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் விளிம்பு மடித்த தகர மூடி), மூடி அடிக்கும் கைமெஷின். பெரிய பாட்டில் வாங்கினால் செலவு குறைவு என்று தோன்றும். ஆனால் திறந்த பாட்டில் நாலு நாளைக்கு மேல் நிற்காது. மாதம் ஒருமுறை திருவிருந்து நடக்கும் சிறிய சபைக்கு 650 மில்லி பாட்டிலைத் திறந்தால் பாதி வீண். பீர் பாட்டிலுக்கும் இதே மூடிதான் பொருந்தும், கண்ணாடியும் உறுதியானது, பழைய பாட்டில் கடையில் மலிவாகவும் கிடைக்கும். ஆலயத்துக்குக் கொண்டுபோனால் யார் முகம் எப்படிப் போகும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எந்த பாட்டிலானாலும் வாய் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று போகும்.

2. பழம் வாங்குவது

மதுரைக்கு வரும் கறுப்புத் திராட்சையில் பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடைரோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி பக்கமிருந்தும் வரும். கம்பம் பக்கம் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும், அதனால் சீசனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மழை ஓய்ந்து சில நாள் வெயில் அடித்தபிறகு வாங்குங்கள். மழையில் பறித்த பழம் நீர்த்துப்போயிருக்கும், வெடிப்பும் அதிகம்.

மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போங்கள். கொத்தைத் தூக்கிக் காம்பைப் பாருங்கள்: பச்சையாக இருந்தால் புதிது, பழுப்பாகக் காய்ந்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது. பிறகு கொத்தைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். மேலே நல்ல கறுப்பாக இருக்கும், உள்ளே செங்காய் ஒளிந்திருக்கும். செங்காய் அதிகமானால் ரசம் வெளிறிப்போகும், புளிப்பும் தூக்கலாக இருக்கும்.

உதிரிப் பழம் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். ‘எப்படியும் நசுக்கத்தானே போகிறோம்’ என்று புதியவர்கள் அதைத்தான் அள்ளுகிறார்கள். காம்பிலிருந்து பிடுங்கி உதிர்ந்த பழத்தில் வாய் திறந்திருக்கும். அந்த வாயில் ஈஸ்ட் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கும். முகர்ந்து பார்த்தாலே லேசான கள் வாடை தெரியும். அதை ஜூஸ் போட்டு அன்றே குடிக்கலாம், அடைத்து வைக்க ஆகாது.

பழத்தின் மேல் மெல்லிய சாம்பல் பூச்சு இருக்கும். அது பழமே சுரக்கும் மெழுகு, பயம் வேண்டாம். நீலம் கலந்த வெள்ளைப் புள்ளிகளாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் மருந்து தெளித்த கறை. அந்தக் கொத்தை எடுக்காமல் விடுவது நல்லது.

3. கழுவி, காயவைத்து, அப்புறம்தான் உதிர்க்க வேண்டும்

இந்த மூன்றும் இதே வரிசையில். முதலில் உதிர்த்துவிட்டுக் கழுவினால், காம்பு பிடுங்கிய ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். ரசம் நீர்க்கும், தண்ணீரில் இருக்கும் அழுக்கும் உள்ளே போகும்.

கொத்துக் கொத்தாக உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பும் மஞ்சளும் பழக்கத்துக்குத்தான். அழுக்கை உண்மையில் கொண்டுபோவது ஓடும் தண்ணீர். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

மின்விசிறிக்கு அடியில் துணி விரித்து ஈரம் போகும்வரை வையுங்கள். வெயிலில் வேண்டாம், பழம் சூடேறும். பிறகு ஒவ்வொன்றாக உதிர்க்கும்போது அழுகியது, வெடித்தது, செங்காய் மூன்றையும் தள்ளுங்கள். பச்சைக் காம்புத் துண்டு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, துவர்ப்பு இறங்கும். நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். தனியாகச் செய்தால் முதுகு ஒடிந்துவிடும்.

4. நசுக்குவது: மிக்ஸி வேண்டாம்

பன்னீர் திராட்சையில் விதை உண்டு. விதைக்குள் கசப்பும் எண்ணெயும் இருக்கிறது. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினாலும் விதை உடையும், அந்தக் கசப்பை அப்புறம் எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது. நல்ல பழம் வாங்கிக் கெட்ட ரசம் எடுப்பவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள்.

கழுவிய கையாலேயே பிசையுங்கள், அல்லது பருப்பு மத்தால் அழுத்துங்கள். தோல் பிளந்து சதை வெளியே வந்தால் போதும், கூழாக வேண்டாம். விதை முழுசாக இருக்கிறதா என்று நாலைந்தை எடுத்துப் பாருங்கள்.

பிசைந்த கையோடு அடுப்புக்குப் போக வேண்டும். இங்கே இடைவெளி விடாதீர்கள்.

5. சூடுதான் நிறத்தை இறக்கும்

இப்போது பாத்திரத்தில் இருக்கும் சாற்றைக் கரண்டியில் எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஏமாற்றமாக இருக்கும். பன்னீர் திராட்சையின் சதைக்கு நிறமே கிடையாது, கறுப்பு முழுவதும் தோலில். அந்த நிறத்தைச் சாற்றில் இறக்குவதுதான் இந்த வேலையின் நடு மையம்.

ஒயின் ஆலையில் இதை அவசரமில்லாமல் செய்வார்கள். தோலும் விதையும் சாற்றோடு தொட்டியிலேயே கிடக்கும். 25 முதல் 30 டிகிரியில் ஒரு வாரம், பத்து நாள் என்று ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தூக்கிக் கட்டியாக மிதக்கவிடும். அதைத் தினமும் சாற்றுக்குள் அமுக்கிவிடுவார்கள், அல்லது அடியிலிருந்து சாற்றை பம்ப் செய்து மேலே ஊற்றுவார்கள். ஆல்கஹாலும் நாட்களும் சேர்ந்து நிறத்தையும் துவர்ப்பையும் இறக்கும். அதற்குப் பிறகுதான் பிழிவார்கள். வெள்ளை ஒயினுக்கு முதலில் பிழிந்துவிட்டுப் பிறகு புளிக்கவைப்பது. சிவப்புக்கு முதலில் புளிக்கவைத்துப் பிறகு பிழிவது. நமக்கு ஆல்கஹாலும் இல்லை, அத்தனை நாளும் இல்லை. இருப்பது அடுப்பு ஒன்றுதான்.

அண்டாவில் மடித்த துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் நசுக்கிய பழம் இருக்கும் பாத்திரத்தை வையுங்கள். நேரடியாகத் தீயில் வைத்தால் அடியில் 90 டிகிரியும் மேலே 40 டிகிரியுமாக இருக்கும். மெதுவாகச் சூடேற்றி, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே 60 முதல் 65 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானியை நடுவில் வைத்துப் பாருங்கள், பாத்திரத்தின் ஓரத்தில் இல்லை. அந்தச் சூட்டை 15 நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டும். தண்ணீரின் சூடு தொடர்ந்து ஏறும் என்பதால் 58 வந்ததுமே தீயைக் குறைத்துவிடுங்கள்.

ஏழெட்டு நிமிடத்தில் சாறு கருஞ்சிவப்பாக மாறும். ஒரு தோலை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். முதலில் கறுப்பாக, விறைப்பாக இருந்தது இப்போது தொளதொளவென்று, வெளிறிய ஊதாவாக இருக்கும். நிறம் சாற்றுக்கு வந்துவிட்டது என்று அதுதான் சொல்லும்.

‘கொதிக்கவிட்டால் இன்னும் நன்றாக இறங்குமே’ என்று கேட்பார்கள். இறங்கும். கூடவே விதையின் கசப்பும், ஜாம் வாசனையும், சாற்றைக் கலங்கலாக்கும் பெக்டினும் இறங்கும். பன்னீர் திராட்சையை அதன் மணத்துக்காகத்தான் வாங்குகிறோம், அந்த மணம் ஆவியோடு போய்விடும். கிளறாத நேரத்தில் பாத்திரத்தை மூடியே வையுங்கள்.

6. வடிப்பது

சூட்டோடு துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். சூடாக இருக்கும்போது சாறு இளகியிருக்கும், தானாகவே பெரும்பகுதி இறங்கிவிடும். கடைசியில் மெல்ல ஒரு முறுக்கு முறுக்கலாம். முழுப் பலத்தோடு முறுக்கினால் வண்டல்தான் கூடும்.

சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு இன்னொரு முறை சூடாக்கி வடித்தால் அன்றைக்குக் குடிக்க நீர்த்த ரசம் கிடைக்கும். அதை முதல் ரசத்தோடு மட்டும் சேர்க்க வேண்டாம்.

7. குளிரில் தெளியவிடுவது

புதியவர்கள் தாண்டிப்போகும் படி இது. வடித்த கையோடு அடைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து ‘பாட்டிலுக்குள் கண்ணாடித் தூள் கிடக்கிறது’ என்று பதறுவார்கள்.

அது கண்ணாடி இல்லை. திராட்சையில் இயற்கையாக இருக்கும் டார்டாரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்த உப்பு. சூட்டில் கரைந்திருக்கும், குளிர்ந்தால் மினுமினுப்பான பொடிக் கற்களாக அடியில் படியும். சந்தேகமானால் நாலைந்து துகளைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், கரைந்துவிடும். கண்ணாடி கரையாது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனாலும் திருவிருந்துக் கிண்ணத்தில் பல்லில் நறநறவென்று பட்டால் நன்றாகவா இருக்கும்? அதை முன்கூட்டியே படியவிட்டு எடுத்துவிடுவோம்.

ரசத்தை மூடி, ஓரளவு ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் 48 மணி நேரம் வையுங்கள். உயரமான, ஒடுங்கிய பாத்திரமானால் வண்டலும் தெளிவும் நன்றாகப் பிரியும். நடுவில் எடுத்துப் பார்ப்பது, ஆட்டுவது, கரண்டி விடுவது எதுவும் கூடாது. பெட்டியில் இடமில்லை என்று வெளியே வைத்துத் தெளியவிட நினைத்தால் வேண்டாம். 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்டில் பெரும்பகுதி செத்துப்போயிருக்கும், ஆனால் துணியிலிருந்தும் காற்றிலிருந்தும் புதிதாக வந்து விழும். வெளிச் சூட்டில் இரண்டு நாள் அதற்குத் தாராளம்.

மூன்றாம் நாள் பாத்திரத்தை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்து, டியூபால் தெளிந்ததை மட்டும் இறக்குங்கள். டியூபின் நுனி வண்டலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நிற்கட்டும். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை இழுத்தால் இரண்டு நாள் காத்திருந்தது வீண். அடியில் தங்கும் அரை லிட்டரை வீட்டில் குடித்துக்கொள்ளலாம்.

8. சர்க்கரையும் பதப்பொடியும்

நன்றாகப் பழுத்த பழமானால் சர்க்கரையே வேண்டாம். மழைக்காலத்துப் பழமானால் லிட்டருக்கு 50 கிராம்வரை சேர்க்கலாம், அது சுவைக்கு மட்டும். ‘சர்க்கரை தூக்கலாகப் போட்டால் கெடாது’ என்பதை நம்பாதீர்கள். ஜாம் கெடாமல் இருப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்பதால். ரசத்தில் நாம் போடும் அளவு ஈஸ்டுக்குத் தீனி, அவ்வளவுதான்.

எலுமிச்சை ஸ்குவாஷ் செய்து பழகியவர்கள், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொடியான பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைக் கையில் எடுப்பார்கள். அதிலிருந்து வரும் கந்தக வாயு திராட்சையின் சிவப்பை வெளுக்க வைத்துவிடும். 15 நிமிடம் கிளறி இறக்கிய நிறம் கண்ணெதிரே மங்கும். ஊதா, சிவப்புப் பழங்களுக்குச் சோடியம் பென்சோயேட்தான் வழக்கம். வீட்டுக்கும் ஆலயத்துக்கும் என்றால் அதுவும் தேவையில்லை, அடுத்த இரண்டு படிகளை ஒழுங்காகச் செய்தால் போதும்.

9. பாட்டிலும் நிரப்புவதும்

பாட்டில்களைக் கழுவி, அண்டாவில் சாதாரணத் தண்ணீரிலேயே மூழ்க வைத்து அப்புறம் சூடேற்றுங்கள். கொதித்தபின் 20 நிமிடம். கொதிக்கும் தண்ணீரில் குளிர்ந்த பாட்டிலைப் போட்டால் அடி பிளந்து தனியாக வந்துவிடும். சூடான பாட்டிலை ஈரக் கல்மேடையில் நிறுத்தினாலும் இதேதான். பலகையோ மடித்த துணியோ வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். மூடிகளைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். அதற்குமேல் கொதித்தால் உள்ளே இருக்கும் லைனர் சுருங்கும்.

இன்னொரு பக்கம் தெளிந்த ரசத்தை 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடான பாட்டிலில் சூடான ரசம், மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு. இடம் விடாமல் நிரப்பினால் அடுத்த படியில் சூட்டில் விரியும் ரசம் மூடியைத் தள்ளும். உடனே மூடியை அடித்துவிடுங்கள். எல்லா பாட்டிலையும் நிரப்பிவிட்டு வரிசையாக மூடி அடிக்கலாம் என்று வைத்திருந்தால் முதல் பாட்டில் அதற்குள் ஆறிவிடும். ஒருவர் நிரப்ப, ஒருவர் மூடி அடிக்க, இரண்டு பேர் அவசியம்.

10. மூடியபின் மீண்டும் ஒரு சூடு

நிரப்பும்போது காற்றிலிருந்தும் கையிலிருந்தும் உள்ளே போனதைக் கொல்லத்தான் இந்தப் படி. திராட்சை ரசம் புளிப்பானது என்பதால் கொதிநிலைக்குப் போக வேண்டியதில்லை, 80 டிகிரியே போதும்.

அண்டாவின் அடியில் துணி, அதன்மேல் பாட்டில்கள், ஒன்றோடொன்று முட்டாமல் இடையிலும் துணி. கழுத்துவரை வெந்நீர். தண்ணீரை 85 டிகிரியில் வைத்திருங்கள். நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் தப்பு நடக்கிறது. தண்ணீர் 85-ஐத் தொட்டதும் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், அப்போது பாட்டிலின் நடுவில் இருக்கும் ரசம் பின்தங்கியிருக்கும். ஒரு பாட்டிலை மட்டும் மூடாமல் அதற்குள் வெப்பமானியை நிறுத்துங்கள். அது 80 காட்டிய பிறகு 20 நிமிடம். அந்தத் திறந்த பாட்டில் அன்றைக்கே உங்களுக்கு.

எடுத்ததும் ஒவ்வொரு பாட்டிலையும் துணியால் பிடித்துப் படுக்கவைத்து மூடியில் சூடான ரசம் படும்படி ஓரிரு நிமிடம் விடுங்கள்.

11. ஆறவைப்பதும் வைத்திருப்பதும்

அப்படியே விட்டால் மணிக்கணக்கில் சூடாகவே இருந்து சமைத்த வாசனை வரும், நிறமும் பழுக்கும். சட்டென்று குளிர்ந்த நீரில் போட்டால் பாட்டில் வெடிக்கும். முதலில் வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் சூடான தண்ணீர், பிறகு வெதுவெதுப்பு, பிறகு சாதாரணத் தண்ணீர். சித்திரை வெயிலில் மாடி டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீரே வெதுவெதுப்புக்குப் போதும்.

துடைத்து, தேதி எழுதி ஒட்டி, இருட்டான இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் கண் வைத்திருங்கள். அடைத்ததில் ஓட்டை இருந்தால் அது அதற்குள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்: கழுத்தில் பொடி நுரை, மூடி மேல்நோக்கிப் புடைப்பது, மேலே வெள்ளைப் படலம். அப்படி ஒன்று தெரிந்தால் ஆட்டாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கும், கண்ணாடி சிதறலாம். தடித்த துணியைச் சுற்றி, முகத்தை விலக்கி, தொட்டியில் வைத்துத் திறந்து கொட்டிவிடுங்கள். சூடாக்கி மீட்கலாம் என்று பார்க்க வேண்டாம்.

நல்ல பாட்டில்களை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது என் கணக்கு. அதற்குமேலும் கெடாமல் நிற்கும், ஆனால் மதுரைச் சூட்டில் சிவப்பு மெல்ல செங்கல் நிறத்துக்குப் போகும், மணமும் குறையும். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள்.

விற்பதாக இருந்தால் கதை வேறு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், லேபிளில் தேதியும் சேர்த்த பொருள்களும் இருக்க வேண்டும், பதப்பொடி சேர்த்தால் அதற்கு விதித்த அளவைத் தாண்டக்கூடாது. பழம் பதப்படுத்தும் பயிற்சி பற்றி மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் சமுதாய அறிவியல் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். பணம் போடும் முன் அங்கே ஒருமுறை போய்வருவது நல்லது.